வெள்ளம் வடியும்போதே சேற்றையும் அனுப்பிவிடுங்கள்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு பௌதிகவியல் வழிகாட்டி

களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி, கொலன்னாவ, சேதவத்தை, கடுவலைப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2016 மே மாதம் வந்தது, 2024 இல் வந்தது, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு பெரிதாக வந்தது. தண்ணீர் ஏறும்போது படகு வரும், சோற்றுப் பார்சல் வரும். வடிந்த பிறகு வீட்டுக்குள் கிடக்கும் சேற்றை வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டும். பெரும்பாலும் அது அம்மாமார் மீதும் அறுபதைத் தாண்டியவர்கள் மீதும்தான் விழுகிறது. இரண்டு நாள் குனிந்து அள்ளிவிட்டு மாதக்கணக்கில் முதுகுவலியோடு திரிகிறவர்கள் நம் ஒழுங்கைகளில் நிறையப் பேர்.

அந்த உழைப்பில் பெரும்பகுதியைக் குறைக்க முடியும். அதற்கு உயர்தரத்தில் படிக்கும் பௌதிகவியலே போதும். சேற்றை வீட்டுக்குள் சுமந்து வந்தது தண்ணீர். முடிந்த மட்டும் தண்ணீரையே திருப்பிச் சுமக்க விடுங்கள். மீதியைத் தள்ளுங்கள், இழுங்கள். கையால் தூக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். கீழே உள்ளதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

எவ்வளவு பாரம், எங்கே நோகிறது

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஓர் அங்குலம் சேறு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கனவளவு ஏறத்தாழ 0.28 கன மீற்றர். ஈரச் சேற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1,600 கிலோ அளவில் இருக்கும். ஆக ஒரே அறையில் 450 கிலோ. மூன்று அறையும் குசினியும் சேர்ந்தால் 2 தொன்னை நெருங்கிவிடும். கனடாவில் இருக்கும் நம் உறவினர்கள் வாசலில் ஸ்னோ தள்ளிக் களைத்துப்போவதைச் சொல்வார்கள். புதிதாக விழுந்த ஸ்னோ கன மீற்றருக்கு 50 முதல் 100 கிலோதான். அதையே அவர்கள் தூக்காமல் தள்ளத்தான் பார்க்கிறார்கள். பதினாறு மடங்குக்கும் மேல் பாரமான சேற்றை நாம் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கணக்கு. 450 கிலோவை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கச் செய்யும் வேலை சுமார் 4,400 யூல். அது ஒரு கிலோகலோரியைவிடச் சற்றே அதிகம். ஒரு மேரி பிஸ்கட்டில் அதைவிடப் பல மடங்கு சக்தி இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் ஆள் விழுந்துபோகிறார்?

ஒரு சவளில் 5 கிலோ சேறு என்றால் அதை ஒரு மீற்றர் தூக்க 50 யூல். ஆனால் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் நம் மேலுடம்பையும் சேர்த்துத் தூக்குகிறோம். அது 35, 40 கிலோ இருக்கும், அரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக உயரும். அதற்கு மட்டும் 150 யூலுக்கு மேல் போகிறது. அதாவது சேற்றைத் தூக்குவதைப் போல மூன்று மடங்கு, நம்மை நாமே தூக்கச் செலவாகிறது. அறைக்குத் தொண்ணூறு தடவை.

இதைவிட மோசமானது திருப்பம், அதாவது பாரம் தள்ளி இருக்க இருக்கப் பெருகும் நெம்புகோல் விளைவு. சவளில் உள்ள பாரம் முள்ளந்தண்டிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. அதைச் சமப்படுத்தும் முதுகுத் தசை முள்ளந்தண்டிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இழுக்கிறது. 5 கிலோவுக்கு முதுகு 60 கிலோ அளவு விசை கொடுக்க வேண்டும், உடம்பின் பாரம் தனி. எனவே மார்பளவு உயரக் கைபிடியுள்ள கருவிகளை எடுங்கள். கட்டைக் கைபிடி மண்வெட்டி வயலுக்கு நல்லது, இந்த வேலைக்கு வேண்டாம்.

உள்ளே இறங்கும் முன்

மெயின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அதைத் தொடத் தண்ணீருக்குள் நின்றுதான் ஆகவேண்டும் என்றால் தொடாதீர்கள், மின்சாரம் வழங்கும் நிறுவனத்து ஆட்கள் வரட்டும். முழங்கால்வரை பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் போகும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். சேற்றுக்குள் கண்ணாடியும் ஆணியும் பாம்பும் இருக்கலாம், ஆகவே கையை விடும் முன் தடியை விடுங்கள்.

வெளியே தண்ணீர் நிற்கும்போது வாசலை அடைத்துவிட்டு மோட்டர் போட்டு உள்ளே இருப்பதை இறைக்காதீர்கள். உள்ளும் புறமும் ஒரே மட்டமாக இருக்கும்வரை சுவருக்கு ஆபத்துக் குறைவு, இரண்டு பக்க அமுக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உள்ளே வற்றி வெளியே ஒரு மீற்றர் உயரம் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ அரைத் தொன் பாரத்துக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். ஊறிப்போன சுவர் அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போது தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் முழுக்க வற்றட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் சேறு படிகிறது.

தண்ணீரில் மிதக்கும் மண் துணிக்கை எவ்வளவு வேகமாக அடிக்கு இறங்கும் என்பதற்கு ஸ்டோக்சின் விதி இருக்கிறது. வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். நம் ஊர் வெப்பநிலையில், 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில், 0.1 மில்லிமீற்றர் மணல் பத்துச் செக்கனில் அடியைத் தொட்டுவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டலுக்குக் கால் மணி நேரம் வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள். வழுவழுவென்று தரையில் ஒட்டிப் பிடித்து நம்மைப் படாதபாடு படுத்துவது கடைசி இரண்டும்தான். ஆனால் மிதக்க வைத்திருப்பதற்கு மிகவும் சுலபமானவையும் அவைதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினாலே இந்த வண்டலில் பெரும்பகுதி மேலே நிற்கும்.

செய்முறை இதுதான். வெளியே மட்டம் இறங்கத் தொடங்கி, வீட்டுக்குள் இருந்து தண்ணீர் வாசல் பக்கமாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓர் இலையைப் போட்டால் தெரிந்துவிடும். உள்ளே வந்துகொண்டிருந்தால் கிளறிப் பயனில்லை. வெளியே போகத் தொடங்கிவிட்டால், வீட்டின் பின் அறையில் இருந்து ஒருவர் நீளமான தும்புத்தடியால் தரையோடு உரசிக் கிளறி முன்பக்கமாக வர வேண்டும். இன்னொருவர் நடு வீட்டில் நின்று அதையே செய்யட்டும். தண்ணீரை அடிக்க வேண்டாம், தெறித்து வாயில் படும். தரையை மெதுவாகத் தேய்த்தால் போதும். மூலைகள், கட்டிலின் அடி, அலுமாரியின் பின்புறம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள், ஓட்டம் குறைந்த அந்த இடங்களில்தான் அதிகம் படியும். தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே போகும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். வடிவது நள்ளிரவாக இருந்தால் டோர்ச்சோடு ஆட்கள் முறை போட்டாவது செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் கிளறுவது மறுநாள் பல மணி நேரம் அள்ளுவதை மிச்சம் பிடிக்கும்.

உள்ளே சிக்கிய தண்ணீர்

வீதியை ஒவ்வொரு தடவை செப்பனிடும்போதும் மட்டம் உயர்கிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் பழைய வீடுகள் பலவற்றில் ஒரு பகுதித் தண்ணீர் தானாக வெளியேறாமல் நின்றுவிடும். பத்துச் சென்ரிமீற்றர் நின்றால் அதே அறையில் 1,100 லீற்றர், பத்து லீற்றர் வாளியால் நூற்றுப் பத்துத் தடவை.

வாளியை எடுக்கும் முன் வளவைச் சுற்றி, வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்த இடம் எங்கே என்று பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். மேசன்மார் மட்டம் பிடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அறைக்குள்ளும் மறுமுனையைக் கான் பக்கத்திலும் பிடித்தால் இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து தரைக்கும் கானுக்கும் அளந்தால் வித்தியாசம் கைக்கு வந்துவிடும். கானில் நிற்கும் தண்ணீர் அறைக்குள் நிற்பதைவிடத் தாழ்வாக இருந்தால் சைபன், அதாவது நீர் நிரம்பிய குழாய் வழியே தண்ணீர் தானாகத் தாழ்வுக்கு ஓடும் முறை, வேலை செய்யும். இடையில் வாசற்படியோ ஜன்னலோ இருந்தாலும் பரவாயில்லை, வளிமண்டல அமுக்கம் தண்ணீரை அதன் மேலால் ஏற்றிவிடும். தாழ்வான இடமே இல்லையென்றால் சைபனும் இல்லை, வாளியோ மோட்டரோதான்.

குழாயைப் பைப்பில் பூட்டி, உள்ளே காற்று இல்லாமல் முழுக்க நிரப்பி, இரண்டு முனையையும் பெருவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை அறைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள், மறுமுனையைக் கானுக்குள் இறக்குங்கள், பிறகு இரண்டையும் திறவுங்கள். வாயால் உறிஞ்சித் தொடங்குவது கூடவே கூடாது, அந்தத் தண்ணீரில் மலசலகூடக் குழியும் கலந்திருக்கிறது. உள் முனையை அரைச் செங்கல்லில் கட்டிவிட்டால் மிதக்காது. ஒரு முரட்டுத் துணியைச் சுற்றினால் குப்பை அடைக்காது.

குழாயின் பருமன் மிக முக்கியம். மட்ட வித்தியாசம் 30 சென்ரிமீற்றர், குழாய் நீளம் 5 மீற்றர் என்று வைத்துக் கணக்கிட்டால், அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில்தான் போகும். ஓர் அங்குலக் குழாயில் 25 லீற்றருக்கு மேல். பரப்பு நான்கு மடங்காகிறது, அதோடு குழாய்ச் சுவரின் உராய்வும் குறைகிறது. அந்த 1,100 லீற்றரும் முக்கால் மணி நேரத்தில் தானாகப் போய்விடும். நீங்கள் அதற்குள் வேறு வேலை பார்க்கலாம்.

பெற்றோல் மோட்டர் வாடகைக்கு எடுத்தால் அதை முற்றத்தில் வையுங்கள். வீட்டுக்குள்ளோ மூடிய விறாந்தையிலோ ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு நிறைந்து, மணமே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.

மிஞ்சிய சேறு

இதைக் காயவிடாதீர்கள். தட்டையான களித்துணிக்கைகள் அசையாமல் இருக்கும்போது சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றில் ஒன்று சாய்ந்து இறுகிக்கொள்கின்றன. கிளறினால் அந்தக் கட்டு உடைந்து சேறு இளகும், விட்டுவிட்டால் திரும்பவும் இறுகும். ஆகவே வீடு முழுவதையும் ஒரே தடவையில் கிளறிவிட்டுப் பிறகு அள்ளுவது வீண். ஒரு பாய் அளவு இடத்தைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறி உடனே தள்ளுங்கள், அப்புறம் அடுத்த பாய் அளவு. தண்ணீர் அதிகமானாலும் தொல்லைதான், தள்ள வேண்டிய கனவளவு கூடும். பலகையால் தள்ளும்போது முன்னால் சுருண்டு போகும் பதமே சரியான பதம்.

தரையின் சரிவைக் கண்டுபிடிக்க ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சரிவு போகும் பக்கம்தான் உங்கள் பாதை. முதலில் சுவரை மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், பிறகு தரை. நீண்ட கைபிடியில் அகலப் பலகை ஒன்றை ஆணியடித்து, அடியில் பழைய ரயர் ரப்பர் பட்டியைப் பொருத்தினால் நல்ல தள்ளுகட்டை தயார். நிமிர்ந்து நின்று, கையால் அல்லாமல் காலால் நடந்து தள்ள வேண்டும். உடம்பின் பாரமே வேலையைச் செய்யும், முதுகு வளையாது.

வாசற்படி 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் அங்கேதான் எல்லாரும் தூக்கத் தொடங்குவார்கள். ஒரு மீற்றர் நீளச் சாரப் பலகையைச் சரிவாக வைத்துவிடுங்கள். சேற்றின் பாரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கும் உராய்வுக்கான விசையும் இருந்தால் மேலே ஏறிவிடும்.

வாசலில் இருந்து தள்ளி எடுத்துப்போக வாளி வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் பேசின் அல்லது தறப்பாள் துண்டில் சேற்றைப் போட்டு, நீளமான கயிற்றால் இழுங்கள். ஈரத் தரையில் 40 கிலோவை இழுக்க, 10 கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். கயிறு நீளமாக இருந்தால் நிமிர்ந்தபடியே இழுக்கலாம். முற்றத்து மண்ணில் உராய்வு கூடும், அங்கே ஒற்றைச் சில்லு வண்டி கிடைத்தால் நல்லது. பாரத்தைக் கைபிடிப் பக்கம் வைக்காமல் சில்லுக்கு நேர் மேலே வையுங்கள்.

சவள் பிடிக்கத்தான் வேண்டும் என்று வரும் இடங்களுக்கு இரண்டு வழி. சவளை ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் நனையுங்கள், சேறு ஒட்டாமல் வழுக்கி விழும். சேற்றுக்குள் நேராகச் செலுத்தி மேலே இழுத்தால் அடியில் காற்று இல்லாததால் வளிமண்டல அமுக்கம் அதை அழுத்திப் பிடிக்கும். சவளைச் சற்று ஆட்டி விளிம்பில் காற்றுப் போக விடுங்கள், பிறகு தூக்குங்கள். பூட்ஸ் புதைந்தாலும் இதே வழி: குதிகாலைத் திருப்பிக் காற்றுக்கு இடம் கொடுத்தபின் இழுக்க வேண்டும்.

கடைசிப் படலத்துக்கு மெல்லிய குழாய்த் தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடினாலும் போதாது. ஓடும் நீர் தரையை உரசும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்த்து வைத்து, அறையின் மேட்டுப் பக்கத்தில் இருந்து தரையோடு தரையாக ஒரே வீச்சில் ஊற்றுங்கள், பின்னாலேயே தும்புத்தடி வரட்டும். வெள்ளத்துக்குப் பிறகு பைப்பில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்பதால் இது தண்ணீரையும் மிச்சம் பிடிக்கும்.

எங்கே போடுவது

கானுக்குள் போடாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன். கானில் ஓட்டம் குறைந்த இடத்தில் அந்தச் சேறு படிந்துவிடும். அடுத்த மழைக்கு ஒழுங்கை முழுக்க நிரம்பும், முதலில் நனைவது தாழ்வில் உள்ள ஏழை வீடு. கழுவிய தண்ணீர் கானுக்குப் போகும் வழியில் மண் மூட்டைகளால் ஒரு சிறு தடுப்புப் போட்டு அகலமான குட்டையாக நிறுத்துங்கள். உள்ளே மிதக்க வைத்த அதே துணிக்கைகளை இங்கே அசையாமல் படியவிட வேண்டும். மேலே வழியும் தண்ணீர் மட்டும் கானுக்குப் போகட்டும்.

மதிலோடு சாய்த்துக் குவிக்க வேண்டாம், ஈரச் சேறு பக்கவாட்டில் தள்ளும் விசை தண்ணீரைவிட அதிகமாக இருக்கலாம். உரப் பையில் கட்டுவதென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். 50 கிலோ உரம் பிடித்த பையில் சேறு நிரப்பினால் 100 கிலோ வரும்.

நிலத்தடி நீர் இன்னும் உயர்ந்திருக்கும்போது மலசலகூடக் குழியையோ நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டியையோ முழுக்க வெறுமையாக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள நீரின் மேலுதைப்பு வெறும் தொட்டியைக் கிளப்பி உடைத்துவிடலாம்.

கழுவலும் காய்தலும்

குளோரீன் தூளைச் சேறு முழுக்கப் போன பிறகே கரைத்து ஊற்றுங்கள். சேற்றில் உள்ள அழுக்கே குளோரீனைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே நாளில்கூடப் பாவிக்க வேண்டாம்.

சுவர் காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவர் தன் நிறையில் பத்தில் ஒரு பங்கு நீரை உறிஞ்சினாலே சதுர மீற்றருக்கு 40 லீற்றர் உள்ளே இருக்கும். ஒரு லீற்றர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் மறை வெப்பம் வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஹீட்டர் வாங்கிக் காயவைப்பது யாருக்கும் கட்டாது, காற்றுதான் இலவசமாகச் செய்யும். கொழும்பில் இரவுக் காற்றும் அதிகாலைக் காற்றும் ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியவை. வெயில் இருக்கும் நாளில் காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் நான்கு மணிவரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்சாரம் பாதுகாப்பாக வந்தபின் ஒரு மேசை விசிறியைச் சுவரை ஒட்டி வீசும்படி வைக்கலாம், இன்னொன்றை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைக்கலாம். மூடிய அறைக்குள் விசிறி ஓடினால் அதே ஈரக் காற்றுத்தான் சுற்றிச் சுற்றி வரும். அலுமாரியையும் கட்டிலையும் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

பெயின்ற் அடிக்க அவசரப்படாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது அடித்தால் அது வெளியேற வழியில்லாமல் பெயின்ற் கொப்புளித்து உரியும், அந்தக் காசு வீண். ஒரு முழச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, மூன்றடியில் ஒன்று ஒட்டுங்கள், ஏனென்றால் மயிர்த்துளைகள் வழியே நீர் கீழிருந்து ஏறுவதால் அடிப்பகுதி கடைசியில்தான் காயும். பொலித்தீனின் உட்புறம் துளிகள் படிந்திருந்தால் இன்னும் இரண்டு கிழமை பொறுத்து மறுபடி ஒட்டிப் பாருங்கள்.